மூன்று பிள்ளைகள், மூன்று நமச்சிவாயப் பதிகங்கள்

வாசகர் கேள்வி:

பெங்களூரு அல்சூரில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை திருமுறை வகுப்பு எடுக்கிறேன். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை 24 பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளி, இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் எழுத்து பாதிப் பேருக்குத்தான் தெரியும். ஒரு அன்பர் வகுப்புக்கு ஒரு டிவியும் நான்கு டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "இனிமேல் புத்தகம் அச்சடிக்கிற செலவு வேண்டாம், எல்லாம் பிடிஎஃப்பில் படிக்கட்டும்" என்கிறது கமிட்டி. எங்கள் ஓதுவார் ஐயாவோ, திரையைப் பார்த்துப் பாடினால் பாட்டு மனதில் தங்காது என்று வருத்தப்படுகிறார். போன வாரம் "நமச்சிவாயப் பதிகம் தேடிக்கொண்டு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். மூன்று பிள்ளைகள் மூன்று வேறு வேறு பாட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஐயா முன்னால் எனக்குச் சங்கடமாகிவிட்டது. இணையத்தில் எதை நம்புவது? வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய உரைநூல் பிடிஎஃப்பை 30 பிரதி எடுத்துக் கொடுக்கலாமா? இந்தக் கருவிகளை வகுப்பில் எப்படித்தான் பயன்படுத்துவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் சங்கடத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்த மூன்று பிள்ளைகளும் தவறு செய்யவில்லை. நமச்சிவாயப் பதிகம் என்ற பெயரில் மூன்று பதிகங்கள் உண்டு. சம்பந்தர் பாடிய "காதலாகிக் கசிந்து" ஒன்று, அப்பர் பாடிய "சொற்றுணை வேதியன்" ஒன்று, சுந்தரர் பாடிய "மற்றுப் பற்றெனக்கின்றி" ஒன்று. மூவர் பாடியதையும் ஒரே நாளில் ஒரே வகுப்புக்கு மூன்று பிள்ளைகள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த வகுப்பில் நான் இருந்திருந்தால் மூவரையும் முன்னால் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருப்பேன்.

பிள்ளைகளின் தேடலில் குறை ஒன்றும் இல்லை, கேள்விதான் கொஞ்சம் தளர்வாகப் போய்விட்டது. முப்பது ஆண்டுகள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். பெயரைச் சொல்லிப் புத்தகம் கேட்கிறவர்களை அலமாரிக்கு அழைத்துப் போவதற்கு முன் எண்ணைக் கேட்பது எங்கள் பழக்கம். பன்னிரண்டு தொகுதிகளாக இருக்கிற திருமுறைக்கு அப்படி ஓர் எண் ஏற்கனவே இருக்கிறது. மேலே சொன்ன மூன்றும் முறையே 3.49, 4.11, 7.48. புள்ளிக்கு முன்னால் இருப்பது எத்தனையாவது திருமுறை என்பது, பின்னால் இருப்பது அதில் எத்தனையாவது பதிகம் என்பது. இனிமேல் வீட்டுப்பாடத்தை "3.49 பார்த்து வாருங்கள்" என்று கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும், வீட்டு விலாசம் மாதிரிதானே! தமிழ் தட்டச்சு தெரியாத பிள்ளையும் எண்ணை வைத்து நல்ல தளங்களில் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். முதல் மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர் என்ற கணக்கும் தானாகவே மனதில் பதிந்துவிடும்.

சரி, ஒரே பாட்டை எடுத்துக்கொண்டாலும் இரண்டு தளங்களில் இரண்டு விதமாக இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அப்பரின் "மாசில் வீணையும்" எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிற பாட்டு, ஐந்தாம் திருமுறையில் 90ஆம் பதிகம். அதன் கடைசி அடி ஒரு தளத்தில் "ஈச னெந்தை யிணையடி நீழலே" என்று இருக்கும். இன்னொன்றில் "ஈசன் எந்தை இணையடி நீழலே" என்று இருக்கும். முன்னது சீர் பிரித்துச் சந்தியோடு அச்சிட்டது, பின்னது பதம் பிரித்தது. பாட்டு ஒன்றுதான். பாடுவதற்கு முன்னது துணை, பொருள் புரிந்துகொள்ளப் பின்னது துணை. பிள்ளைகளுக்கு இரண்டையும் டிவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "யிணையடி" என்று ஒரு சொல்லே கிடையாது, "எந்தை"யின் ஐகாரத்துக்கும் "இணை"யின் இகரத்துக்கும் நடுவே யகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினால், உடம்படுமெய் என்ற பெயரைச் சொல்லாமலே இலக்கணம் உள்ளே போய்விடும்.

இன்னொரு வகை வேறுபாடு ஆபத்தானது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குருபூஜைக்காக நான் ஒரு சிறிய பாட்டுப் புத்தகம் தயார் செய்தேன். நேரமில்லை என்று ஒரு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் "நீழலே" என்பது "நிழலே" என்று இருந்தது. யாரோ ஒருவர் இப்போதைய வழக்கு என்று நினைத்து நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார். பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்து மேடையில் பாடினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓதுவார் ஒருவர் அந்த இடம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "அம்மா, நெடில் குறிலாகிப் போச்சு, ஓசை இடறுது" என்றார், அவ்வளவுதான். அச்சடித்த அத்தனை பிரதிகளிலும் உட்கார்ந்து கையால் ஒரு சுழியைப் போட்டேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றும் "நிழலே" என்றுதான் பாடுகிறார்கள். சிறு வயதில் வாயில் ஏறியது இறங்காது. இது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிற விஷயம், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாவது வகை, உண்மையான பாடபேதம். ஏட்டுச் சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, ரகரமும் காலும் (ா) ஒரே மாதிரி இருக்கும். பதிப்பித்தவர்கள் ஓசையையும் பொருளையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அதனால் இரண்டு நல்ல பதிப்புகளே ஓரிடத்தில் வேறுபடலாம். இதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம், சின்னவர்களுக்கு இப்போது வேண்டாம். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியை விட்டே எழுத்தாக்கிய பிரதிகளிலும் இந்த ரகரமும் காலும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. அப்படிப்பட்ட பிரதியை வகுப்புக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அப்படியானால் எதை நம்புவது? நான் பார்க்கிற முதல் அடையாளம், அந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்கிறதா என்பதுதான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. அதன் மின்னூல்களைத் திறந்தால் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று முன்பக்கத்திலேயே நன்றி சொல்லியிருப்பார்கள். அந்த முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உலகத்தில் எங்கோ உட்கார்ந்து முகம் தெரியாத ஒருவர் நமக்காக ஒவ்வோர் எழுத்தாக அடித்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது தருமபுரம் ஆதீனப் பதிப்பு. பன்னிரு திருமுறையும் பொழிப்புரை, குறிப்புரையோடு இணையத்தில் கிடைக்கிறது. பல பதிகங்களை ஓதுவார் குரலிலும் கேட்கலாம். வகுப்புக்கு உரை பார்க்க எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. அங்கே எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்கான மழலைக் கல்விப் பாடங்களும் உண்டு, உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது உதவும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியும் சேர்ந்து 2007இல் தேவாரம், அதாவது முதல் ஏழு திருமுறை, முழுவதையும் மின்வடிவில் கொண்டுவந்தன. அதில் வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கம் பாட்டுக்குப் பாட்டு இருக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு "இதுக்கு என்ன மீனிங் ஆன்ட்டி?" என்ற கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சந்தேகம் வந்தால் இன்டர்நெட் ஆர்கைவில் பழைய அச்சுப் பதிப்புகளின் பக்கப் படங்களைப் பாருங்கள். தட்டச்சுப் பிரதி பிழைபடலாம், பக்கத்தின் படம் அச்சில் இருந்ததை இருந்தபடியே காட்டும். அதுவும் போதவில்லை என்றால் உங்களுக்கு நடக்கிற தூரம்தான், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அதன் நூலகத்தில் போய்ப் புத்தகத்தையே புரட்டிவிட்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாட்டையோ பொருளையோ செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நானே சோதித்துப் பார்த்தேன். முதல் அடியைச் சரியாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் அடியிலிருந்து தானே ஒன்றைக் கட்டிச் சொன்னது, கேட்பதற்குத் தேவாரம் மாதிரியே இருந்தது. தெரியாதவர்கள் நம்பிவிடுவார்கள்.

இனி டேப்லெட்டை எடுத்துக்கொள்வோம். என் மனதில் அதற்கு ஒரே ஒரு பெரிய வேலைதான் இருக்கிறது, அகராதி பார்ப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் ஒரு பின்னிணைப்பும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அச்சில் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வர முடியாது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் இருப்பதால் உங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தம்.

நான் ஒரு வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன், எப்படிப் போனது என்று சொல்கிறேன். அதே பாட்டின் மூன்றாம் அடி, "மூசு வண்டறை பொய்கையும் போன்றதே." ஆறு பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட் என்று பிரித்துவிட்டேன். ஒரு குழு "வண்டறை" என்று அப்படியே அடித்தது. ஒன்றும் வரவில்லை. "நெட் போயிடுச்சு" என்றான் ஒரு பையன். நெட் இருக்கிறது, நீ கொடுத்தது ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வண்டு, அறை என்று அவனே பிரித்தான். வண்டு கிடைத்துவிட்டது. "அறை" என்று போட்டதும் ஒரு சிறுமி, "வண்டோட ரூமா ஆன்ட்டி?" என்றாள். இன்னொருத்தி கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். இல்லை, கீழே இன்னும் இருக்கிறது, இறங்கிப் பாருங்கள் என்றேன். ஒலித்தல் என்ற பொருள் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பறையறைதல் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா, அந்த அறைதான் என்றேன். அப்புறம் "மூசு" தேடினார்கள், மொய்த்தல். வண்டு மொய்த்து ரீங்கரிக்கிற குளம்! கூடவே இரண்டாம் அடியின் "வீங்கிள வேனில்" மாட்டியது. வீங்குவது என்றால் அவர்களுக்குக் கொசுக்கடிதான் தெரியும். மிகுதல் என்றும் வளர்தல் என்றும் பொருள் உண்டு என்று பார்த்ததும், முற்றி வருகிற இளவேனில் என்று ஒருத்தி ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். நாற்பது நிமிடத்தில் இரண்டே அடி. அன்றைக்கு அவர்கள் அந்த இரண்டு அடியையும் பாடிய விதமே வேறாக இருந்தது.

இணையம் வகுப்புக்கு வேண்டும் என்று நான் சொல்வது இந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான். பாட்டைப் படித்துக் காட்டுவதற்கு அது தேவையில்லை.

ஆகவே ஓதுவார் ஐயா சொல்வதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். பாடும் நேரத்தில் டிவி அணைந்திருக்க வேண்டும், டேப்லெட் கவிழ்ந்திருக்க வேண்டும். அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, அப்படித்தான் பண், அதாவது பாட்டின் ராகம், வரும். திரையில் வரி ஓடினால் கண் வரிக்குப் போகும், காது ஐயாவிடம் இருக்காது. திரை பாட்டு முடிந்த பிறகுதான், அல்லது பாட்டுக்கு முன்பு நீங்கள் வீட்டில் தயார் செய்யும்போது.

ஆனால் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். அந்த டேப்லெட்டில் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று பணிவாகக் கேளுங்கள். காலை வேளையில், மண்டபத்தில் கூட்டமில்லாதபோது, ஒரு நாளைக்கு ஒரு பதிகம். முதலில் பதிக எண், பண்ணின் பெயர், பிறகு பாட்டு. அடிக்கு அடி சிறிது இடைவெளி விட்டு அவர் பாடினால் பிள்ளைகள் அந்த இடைவெளியில் சொல்லிப் பழகலாம். யூடியூபில் எவ்வளவோ நல்ல குரல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பதிகத்தின் நடுவில் விளம்பரம் வருகிறது, முடிந்ததும் அடுத்து என்ன ஓடும் என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொருவர் பாடும் முறையும் கொஞ்சம் வேறு, வகுப்பில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் கேட்டால் சின்னப் பிள்ளை குழம்பும். ஐயாவின் குரலே வீட்டுக்கும் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. யாருக்குக் கொடுப்பது, எங்கே போடுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் சம்மதமில்லாமல் ஒரு குழுவிலும் அனுப்பாதீர்கள். இந்த டேப்லெட் எதற்கு என்ற அவருடைய கேள்விக்கும் அதுவே பதிலாகிவிடும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூரில் திருமுறை வகுப்பு எடுக்கிற எல்லோருக்கும் வருகிற சிக்கல் இது. தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு இணையத்தில் எழுத்து மாற்றும் கருவி ஒன்றில் போட்டுக் கன்னட எழுத்தில் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அட்சரமுகா என்ற கருவி அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. கோளாறு கருவியில் இல்லை, நம் இரண்டு எழுத்துமுறைகளும் வேறு என்பதில்தான். நமக்குக் ககரம் ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். கன்னடத்தில் வன்மையாக ஒலிப்பதற்கு ஓர் எழுத்து, மென்மையாக ஒலிப்பதற்கு இன்னோர் எழுத்து. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் எல்லா இடத்திலும் வன்மையான எழுத்தே வந்து நிற்கும். "கண்" என்பதில் வருகிற ககரத்தையே "பொய்கை"யிலும் போட்டு, அந்தக் "கை"யை அழுத்தி வாசிக்கும் பிள்ளை. றகரமும் ழகரமும் பழைய கன்னடத்தில் இருந்தன, இப்போது பள்ளியில் சொல்லித்தருவதில்லை. அந்த எழுத்தைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்த ளகரத்தைப் போட்டுக் கொடுத்தாலோ, எந்த "நீழலே"க்காக நான் அத்தனை பிரதியிலும் சுழி போட்டேனோ அது "நீளலே" ஆகிவிடும்.

அதனால் கன்னட எழுத்துப் பிரதியை முதல் இரண்டு மாதத்துக்கு ஊன்றுகோலாக மட்டும் கொடுங்கள். அதையும் நீங்கள் உட்கார்ந்து ஒலிக்கு ஏற்றபடி திருத்தி, ழகரம் வருகிற இடத்தில் மட்டும் தமிழ் எழுத்தையே அப்படியே விட்டுக் கொடுங்கள். கன்னட வரிக்கு நடுவில் ஒரு "ழ" நின்றால் பிள்ளை அதைக் கேட்காமல் போகாது. கன்னடம் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வெகு சீக்கிரம் வரும். உயிர்மெய் என்றால் என்ன, குறில் நெடில் என்றால் என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், எழுத்தின் உருவம் மட்டும்தான் புதிது. நான் பார்த்தவரை மூன்று நான்கு மாதத்தில் தட்டுத் தடுமாறி வாசித்துவிடுகிறார்கள்.

அடுத்தது கமிட்டியின் பிடிஎஃப் யோசனை. செலவை நினைத்துச் சொல்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். நான்கு டேப்லெட்டுக்கு 24 பிள்ளைகள் என்றால் ஒருவர் படிக்க ஐவர் எட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனால் அம்மாவின் போன்தான், அதில் பிடிஎஃப்பைத் திறந்தவுடன் மேலே ஏதாவது ஒரு செய்தி வந்து விழும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் புகைப்படம், சின்னத் திரையில் விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். இபப் வடிவத்தில் இருக்கிற மின்னூல் திரைக்கு ஏற்ப வரியை மடக்கிக்கொள்ளும், எழுத்தையும் பெரிதாக்கலாம், ஆனால் பாட்டின் சீரும் அடியும் கலைந்துபோகும். செய்யுளுக்கு அச்சுப் புத்தகம்தான் இன்னும் வசதி. கமிட்டியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஆண்டுக்குப் பன்னிரண்டு பதிகங்கள், மாதத்துக்கு ஒன்று, பெரிய எழுத்தில் ஒரு சிறிய புத்தகம். மற்ற எல்லா உரைநூலும் அகராதியும் டேப்லெட்டில் இருக்கட்டும். முன்பு வாங்கிய தடிப் புத்தகங்களின் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, யார் மெய்ப்புப் பார்த்தது என்று கட்டாயம் போடுங்கள். மெய்ப்பை ஓதுவார் ஐயாவே பார்க்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்த உரைநூலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேவாரப் பாடல்கள் யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக அச்சிடலாம். உரை அப்படியில்லை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார், அவர் எழுதியவை 2003 பிறந்ததும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. உங்களுக்கு வந்திருக்கிற நூலின் உரையாசிரியர் 1990இல் மறைந்தவர் என்று வைத்துக்கொண்டால் 2050 முடியும் வரை உரிமை அவர் குடும்பத்துக்கோ பதிப்பகத்துக்கோ இருக்கும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல் என்றால் தடையில்லை. கற்பிக்கும்போது ஆசிரியர் ஒரு பகுதியைப் படியெடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது, தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றமும் அதை ஒட்டியே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது பல்கலைக்கழகப் பாடத்துக்காகப் பகுதி பகுதியாக எடுத்த விஷயம். முழு நூலையும் 30 பிரதி எடுத்துக் கோயிலில் கொடுப்பதை அதோடு சேர்க்க வேண்டாம். உரையாசிரியர் பல ஆண்டு உட்கார்ந்து எழுதியது, நாம் தெய்வத்தின் பெயரால் எடுக்கிற வகுப்பு. பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பாட்டுக்கோ இரண்டு பாட்டுக்கோ உரையைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், சிலர் சகாய விலைக்குப் புத்தகமே அனுப்புவார்கள். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுக்கு இந்தக் கவலை கிடையாது, முகப்புப் பக்கத்தை மட்டும் கிழிக்காதீர்கள்.

டேப்லெட் விஷயத்தில் சில நடைமுறைகள். பிள்ளைகள் பெயரில் கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், வகுப்புக்கென்று ஒரே கணக்கு, கடவுச்சொல் உங்களிடம். வேண்டிய நூல்களையும் ஐயாவின் பதிவுகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் மண்டபத்தில் நெட்டே தேவைப்படாது, அகராதி பார்க்கிற அந்த நேரத்துக்கு மட்டும் உங்கள் போனிலிருந்து கொடுத்தால் போதும். வகுப்பு முடிந்ததும் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள், யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

டிவிக்குப் பெரிதாக வேலை எதுவும் சொல்லவில்லையே என்று அந்த அன்பர் வருத்தப்படக்கூடாது. அதற்கு அருமையான வேலை ஒன்று இருக்கிறது, வரைபடம். ஒவ்வொரு பதிகத்துக்கும் அது பாடப்பட்ட தலத்தை டிவியில் காட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது கர்நாடகத்தில். சீர்காழியும் திருவாரூரும் அவர்களுக்கு லீவில் போகிற தாத்தா ஊர்ப் பக்கம், அவ்வளவுதான். ஆனால் இந்த மாநிலத்திலேயே, மேற்குக் கடற்கரையில், கோகர்ணம் இருக்கிறது. சம்பந்தரும் பாடியிருக்கிறார், அப்பரும் பாடியிருக்கிறார், துளுவ நாட்டுத் தலம் என்று திருமுறையில் வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். பீச்சுக்கு என்று போய்விட்டு வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். சம்பந்தரின் ஊரான சீர்காழியில் இருந்து கோகர்ணம் வரை வரைபடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊர் அவர் பாட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம், "அப்ப நாங்க அவுட்சைடர்ஸ் இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டது. இல்லை என்று சொல்லி, அந்தப் பதிகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

நமச்சிவாயப் பதிகத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு அந்த மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு, 3.49, 4.11, 7.48 என்று பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் கொண்டுவந்ததன் முதல் பாட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஐயா மூன்றையும் பாடட்டும். முதலாவது கௌசிகம், இரண்டாவது காந்தாரபஞ்சமம், மூன்றாவது பழம்பஞ்சுரம். ஒரே அஞ்செழுத்து மூன்று பண்ணில் எப்படி வருகிறது என்பதை எந்தத் தளமும் இவ்வளவு பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டாது.

அப்புறம், இப்போது வகுப்பில் வைத்திருக்கிற பழைய புத்தகத்தைத் திறந்து 5.90இன் முதல் பாட்டில் கடைசிச் சொல்லை ஒருமுறை பாருங்கள். "நிழலே" என்று இருந்தால், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் பேனாவை எடுத்து ஒரு சுழி போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூலகர்